பக்கத்து சீட்டின் எடை

வீல்காரனுக்குப் பொறாமைப்படத் தெரியும் என்பதே, அவனுடைய சகலை அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வரும்வரை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அடுத்தவன் வயிற்றெரிச்சலைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் அவன். எதிர்வரிசைப் பெயின்ட் கடைக்காரர், தன் கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெயின்ட் கடை வந்துவிட்டது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தபோது, தினமும் போய் அவரைச் சீண்டிவிட்டு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பான். தனக்கென்று வந்தபோது சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

எங்கள் தெரு முழுக்க வண்டிக்கடைகள்தான். ரேடியேட்டர், டிங்கரிங், பெயின்ட், கண்ணாடி, சைலன்சர் என்று இரண்டு பக்கமும் தகரக் கூரைகள். என்னுடையது பேட்டரிக் கடை, பக்கத்திலேயே வீல்காரனின் சக்கரக் கடை. எனக்கும் வீல்காரனுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டுதான் அவன் தன் வீட்டுக் கதை, ஊர்க்கதை எல்லாம் சொல்வான். நான் கேட்கவே வேண்டாம். என்னைப் ‘பேட்டரி’ என்பான், நான் அவனை ‘வீலு’ என்பேன்.

அவன் கடைக்குப் பின்னாலேயே அவன் வீடு. மாடியறையில் அவன் மனைவி கார்களுக்குச் சீட் கவர் தைப்பாள். எனக்கு அவள் தங்கச்சி முறை, தங்கச்சி என்றே கூப்பிடுவேன். கனமான ரெக்சின், கனமான ஊசி, எந்த நிறத் துணியானாலும் மஞ்சள் நூல்தான். மஞ்சள் நூலைப் பார்த்தாலே இந்த வீட்டுக் கவர் என்று தெருவே சொல்லும். ஆள் குள்ளம், ஒல்லி. தைத்து முடித்த கவர்களை ஒவ்வொரு கடையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு வீல்காரன் வேனை எடுக்க வேண்டும். அவனுக்கு வேலை இருந்தால் அவள் மூட்டையை வாசலில் வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பாள். நான் கண்ணால் பார்த்ததுதான், மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

தனக்கு வேன் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும்படி அவள் கேட்டபோதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் சிரித்தான்.

“கிளட்ச்சுக்குக் கால் எட்டுமா உனக்கு? நான் எதுக்கு இருக்கேன்? கூட்டிட்டுப் போக மாட்டேன்னு என்னைக்காவது சொன்னேனா?”

அப்புறமும் கேட்டாள். அப்புறமும் கிளட்ச்சைத்தான் சொன்னான். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. வண்டியோடு வந்த வீலைக் கழற்றிவிட்டு வேறு வீல் போட நினைக்கிறவர்கள் எல்லாம் அவனிடம்தான் வருவார்கள். ஆஃப்செட் ஆஃப்செட் என்று நாளெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. சக்கரத்தை வண்டியோடு சேர்த்து முடுக்குகிற முகம், சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். அந்த எண் கூடினால் சக்கரம் உள்ளே ஒதுங்கும். குறைந்தால் வெளியே வந்து நிற்கும். அப்படியும் போதவில்லை என்கிறவர்களுக்கு ஸ்பேசர். அது சக்கரத்துக்குப் பின்னால் வைக்கிற உலோகத் தட்டு. எத்தனை மில்லிமீட்டர் கனமோ அத்தனை மில்லி சக்கரத்தை வெளியே தள்ளும். ரொம்பத் தள்ளினால் வண்டி ஒரு மேட்டில் அமுங்கும்போது டயர் போய் மட்கார்டின் உதட்டில், அதாவது அதன் விளிம்பில், தேய்க்கும்.

இதற்காக அவன் ஒரு முறை வைத்திருந்தான். மற்ற கடைக்காரர்கள் வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்து அளந்துவிடுவார்கள். இவன் தரையில் நிறுத்துவான். சொந்தக்காரரை ஓட்டும் சீட்டில் உட்காரவைத்து, பக்கத்து சீட்டில் இரண்டு மண்மூட்டையை ஏற்றி, அப்புறம்தான் குனிந்து டயருக்கும் உதட்டுக்கும் நடுவில் தகடு நுழைத்துப் பார்ப்பான். ஆள் இல்லாத வண்டியை அளப்பது, படுத்திருப்பவனுக்குச் சட்டை அளவெடுக்கிற மாதிரி என்பான்.

அந்த முறையை அவன் விட்டது ஒரே ஒரு வண்டிக்குத்தான்.

அவன் சகலை, அதாவது அவன் மனைவியின் தங்கையைக் கட்டியவர், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடிக்காரர் என்றே எல்லோரும் சொல்வோம். வீல்காரனைவிட வயதில் சின்னவர். உடம்பில் இரண்டு பேரும் சரிக்குச் சரி, கல்யாண வீட்டு நாற்காலிகள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி முனகும். கண்ணாடிக்காரருக்கு யார் மேலும் கோபம் வராது. அதுதான் வீல்காரனுக்கு முதல் கோபம்.

அவர் வாங்கியது இரண்டே சீட்டுள்ள பழைய கார். பழசு என்றாலும் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அதே காரின் படம் ஒன்று வீல்காரனின் டூல் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் வெகுநாளாக ஒட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஒட்டியது. கண்ணாடிக்காரர் காரோடு வந்து ஹாரன் அடித்த அன்று சாயங்காலம் ஸ்பேனர் கேட்டு அவன் அலமாரியைத் திறந்தேன். படம் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

“கிழிஞ்சு தொங்கிட்டிருந்துச்சு. எடுத்துட்டேன்” என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

வீல் தேர்ந்தெடுக்க அவர் வந்த நாளை மறக்க முடியாது. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நடுவில் நாலைந்து வீல்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, கத்திக் கத்திப் பேசினார்கள். மழைச் சத்தத்தில் அப்படித்தான் பேச முடியும், ஆனால் வீல்காரன் தேவைக்கு மேலேயே கத்தினான். ஆஃப்செட் நாற்பத்தைந்தில் போடலாம், பின் டயர் இருநூற்று நாற்பத்தைந்து அகலம் போதும் என்பது அவன் கட்சி. முப்பது, இருநூற்று அறுபத்தைந்து என்பது அவர் கட்சி. வீல் மட்கார்டுக்கு நேராக, விரல் வைத்தால் மேடு பள்ளம் தெரியாத மாதிரி நிற்க வேண்டுமாம்.

“ஃப்ரேம் மூஞ்சிய விட உள்ள ஒடுங்கியிருந்தா மூஞ்சி பரந்து தெரியும் அண்ணே. அதேதான் இதுவும்” என்றார் கண்ணாடிக்காரர்.

“மூஞ்சி மேடு பள்ளத்துல ஏறி இறங்குதா சகலை? மூக்குல தேய்ச்சா துடைச்சுக்கலாம். டயர் தேய்ச்சா வெடிக்கும்.”

கடைசியில் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கிவந்து, ஆஃப்செட் முப்பத்தெட்டு, பின்னால் இருநூற்று ஐம்பத்தைந்து என்று முடிவானது. அதற்கு மேல் ஸ்பேசர். அங்கேதான் வினை. கண்ணாடிக்காரர் ஏறி உட்கார்ந்ததும் அவர் பக்கம் வண்டி தாழ்ந்துவிடும், மறுபக்கம் உயர்ந்து நிற்கும், சக்கரம் உள்ளே ஒடுங்கின மாதிரி தெரியும். அவர் ஓட்டிக்கொண்டு போகும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்படியானால் அவர் பக்கம் மூன்று மில்லி, மறுபக்கம் எட்டு மில்லி வைக்க வேண்டும். நீளமான போல்ட் போட்டால் பிடிப்பில் குறை வராது. ஆனால் பக்கத்து சீட்டில் கனமாக ஆள் உட்கார்ந்தால் அந்த எட்டு மில்லி தாங்காது, உதட்டில் தேய்க்கும். வீல்காரன் அதைச் சொல்லத்தான் செய்தான்.

“யாரு உட்காரப் போறா? உங்க கொழுந்தியாளுக்கு இதுல குனிஞ்சு ஏறினாலே இடுப்பு பிடிச்சுக்குது. நான் மட்டும்தான் அண்ணே” என்றார் அவர்.

அன்றைக்கு மண்மூட்டை ஏற்றவில்லை. அவர் போன பிறகு வீல்காரன் சுவரில் சாய்ந்துகொண்டு, “ரெண்டு சீட்டு வண்டி வாங்கி ஒத்தையா ஓட்டப் போறான் பாரு” என்றான். அதைச் சொன்னபோது அவன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பொறாமைக்காரனுக்குக் கிடைக்கிற சின்னச் சந்தோஷம், அதைக்கூட நான் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. வீட்டில் தங்கச்சி அந்த வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சோறு போடும்போது பேசினாளாம். வண்டி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, கியர் எப்படி வெண்ணெய் மாதிரி விழுகிறது, தம்பி, அதாவது கண்ணாடிக்காரர், எவ்வளவு பொறுமையானவர். கியர் எப்படி விழுகிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? வீல்காரன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அதற்குப் பதிலாக என்னிடம் வந்து கேட்டான்.

புதன்கிழமை மதியங்களில் அவள் தங்கை வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். முன்பெல்லாம் அங்கே போக அவளுக்கு நேரமே இருக்காது. போய்விட்டு வந்தால் முகமெல்லாம் வியர்த்து, கண்கள் பளபளவென்று இருக்கும், மாடியில் மெஷின் ஓட்டிக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடுவாள். புதன்கிழமை கண்ணாடிக் கடைக்கு விடுமுறை என்பதை வீல்காரன் எனக்கு ஞாபகப்படுத்தினான். கொழுந்தியாளும் வீட்டில்தானே இருப்பாள் என்றேன் நான். புதன்கிழமை அவள் வேலைக்குப் போகிற நாளாம். எல்லாவற்றையும் அவன் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தான்.

“இன்னொண்ணு சொல்றேன் கேளு பேட்டரி. வேன்ல வரும்போது என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறா. முன்னாடியெல்லாம் வாய் ஓயாம பேசிட்டு வருவா. இப்ப தலையக் குனிஞ்சு என் காலையே பாத்துட்டு வர்றா. தப்பு பண்ணினவங்கதான் அப்படிக் குனிவாங்க.”

அவன் கன்னம் வற்றிப்போயிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையை என்னிடம் தள்ளிவிட்டு, வெறும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக அவளோடு வாழ்கிறவன். அவள் இல்லாமல் ஒரு சட்டைப் பொத்தானைக்கூடத் தேடி எடுக்கத் தெரியாதவன். அவள் தன்னைவிட்டு மனசளவில் போய்விட்டாள் என்று அவன் முடிவே செய்துவிட்டான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவமாக இருந்தது. நேரே கேட்டுவிடேன் என்றேன். எழுந்து போய்விட்டான்.

ஒரு நாள் காலையில் கண்ணாடிக்காரர் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பின்னால் ஒரு பக்கம் மட்டும், மேடு ஏறும்போது கர்ர் என்று சத்தம் வருகிறதாம். ஓட்டுகிற பக்கம் இல்லை, மறுபக்கம்.

“யாராவது பக்கத்துல உட்காந்தாங்களா?” என்று வீல்காரன் கேட்டான்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்லையே அண்ணே. யாரு உட்காரப் போறா” என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். காது மடல் சிவந்துவிட்டது. கடைக்கு நேரமாகிவிட்டதென்று, குடிக்கக் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோ ஏறிப் போனார்.

வீல்காரன் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். டயரின் தோளில் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து பளபளத்தது. மட்கார்டு உதட்டின் உள்பக்கம் பெயின்ட் போய் வெள்ளைத் தகரம் தெரிந்தது. ஒருதரம் இரண்டுதரம் தேய்த்ததல்ல, திரும்பத் திரும்பத் தேய்த்திருந்தது. ஓட்டும் பக்கத்து டயரில் ஒரு கீறலும் இல்லை. பக்கத்து சீட்டில் யாரோ உட்காருகிறார்கள், அடிக்கடி உட்காருகிறார்கள். அதற்கு மேல் சொல்ல அந்த டயருக்கு வாய் இல்லை.

வண்டிக்குள் குனிந்து சீட்டுகளுக்குப் பின்னால் இருந்த சின்னப் பொந்தில் கையை விட்டான். ஒரு தலையணை வந்தது. சதுரமாக, நாற்காலியில் போடுகிற மாதிரி, தடியானது. பழுப்பு ரெக்சின், மஞ்சள் நூல்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவருக்கு வந்தான்.  சுவர்மேல் வைத்தான். நானும் பார்த்தேன். 

“மெத்தை போட்டு உட்காந்து போயிருக்கா” என்றான். “என் வேன்ல இத்தனை வருஷம் உட்காந்தாளே, ஸ்பிரிங் குத்துதுன்னு ஒரு தலையணை தைச்சிருப்பாளா? அவன் வண்டிக்குத் தைச்சிருக்கா.”

எனக்கு அப்போது பயம் வந்தது. அவன் கத்தியிருந்தால் வந்திருக்காது. தாழ்ந்த குரலில், வேலையைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி பேசினான். அவள் வாயால் சொல்ல வேண்டாமாம், வண்டியே சொல்லட்டுமாம். அந்த சீட்டில் அவளை உட்காரவைத்து மேட்டில் ஏற்றினால் டயர் தேய்க்கும். தேய்த்ததும் அவள் முகத்தைப் பார்த்தால் போதும். வேண்டாம் வீலு, அசிங்கம் என்றேன். அவன் ஏற்கெனவே மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மண்மூட்டை மழையில் நனைந்துவிட்டது, எடைக்கு ஆள் வேண்டும், கொஞ்சம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்றான்.

தங்கச்சி கழுத்தில் இஞ்ச் டேப்போடு இறங்கி வந்தாள். சிவப்பு வண்டியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றாள். சுவர்மேல் இருந்த தலையணையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அதிலேயே அவளுக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் கடைகளுக்கு முன்னாலேயே ஒரு வேகத்தடை உண்டு, ஊரிலேயே மோசமானது. அதனாலேயே எனக்கும் அவனுக்கும் வியாபாரம் நடக்கிறது என்று சொல்வார்கள். என்னைச் சக்கரத்தோடு கூடவே நடந்து வந்து காது கொடுக்கச் சொன்னான். எனக்கு இஷ்டமே இல்லை. ஆனாலும் நடந்தேன். வண்டி ஏறியது, இறங்கியது. குனிந்து கேட்டேன்.

சத்தமே இல்லை.

பின்னால் எடுத்து, இன்னொருதரம், கொஞ்சம் வேகமாக ஏற்றினான். இல்லை. மூன்றாம் தரம் தட்டென்று குதிக்க விட்டான். வண்டிக்குள் அவள் தலை போய்க் கூரையில் இடித்தது. டயர் உதட்டைத் தொடவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவன் என்ஜினை நிறுத்தினான். அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் என்னவென்று சொல்வது, வியர்வையோடு வழிந்தது. இவள் இல்லை. இவள் எடைக்குத் தேய்க்காது. ஆனால் அடுத்த நிமிஷமே புருவம் சுருங்கிவிட்டது. கனமான யாரோ அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும், அப்படியானால் அது யார், இவள் தலையணை இங்கே எப்படி வந்தது என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

தங்கச்சிதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

“மூட்டை நனையல. வர்ற வழியில தொட்டுப் பாத்தேன், காஞ்சு கெடக்கு. மண்மூட்டைக்குப் பதிலா என்னை வெச்சு எடை போட்டீங்க, இல்ல?”

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். 

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இத்தனை வாரத்துல ஒரு வார்த்தை, புதன்கிழமை எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? டயர்கிட்ட கேக்கறீங்க.”

கதவைத் திறந்து இறங்கினாள். நேரே சுவரிடம் வந்து தலையணையை எடுத்துக்கொண்டாள். வண்டியைச் சுற்றிப் போய் ஓட்டும் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றாள்.

“இறங்குங்க. நான் உட்கார்ற இடம் அது இல்ல, இது.”

அவன் இறங்கினான். அவன் வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரம் ஒரு சொல்லைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் தலையணையை ஓட்டும் சீட்டில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்தாள். இப்போது அவள் கண் ஸ்டியரிங்குக்கு மேலே தெரிந்தது. காலை நீட்டிக் கிளட்ச்சை அமுக்கிப் பார்த்தாள். எட்டியது. தாராளமாக எட்டியது.

“நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க.”

அவன் சுற்றிப் போய், அந்தக் குள்ள வண்டிக்குள் மடங்கி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். வண்டி அந்தப் பக்கம் பொதுக்கென்று தாழ்ந்தது. அவள் எடுத்தாள். குலுங்கவில்லை, நிற்கவில்லை. வேகத்தடையில் மெதுவாக ஏற்றினாள். நான் காது கொடுக்கவே தேவையில்லாமல் போயிற்று. கர்ர்ர் என்று தெருவுக்கே கேட்டது. பெயின்ட் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

அப்படியே தெருமுனை திரும்பிப் போய்விட்டார்கள்.

நான் திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்தேன். வாரக்கணக்கில் அவள் எதைப் பார்த்துக்கொண்டு வேனில் வந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் கிளட்ச்சை எப்போது அமுக்குகிறான், எப்போது விடுகிறான் என்று படித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதைத்தான் இந்த மடையன் தப்பு செய்தவள் குனிகிறாள் என்று என்னிடம் சொல்ல, நானும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவர்கள் திரும்பி வர நேரமாயிற்று. வந்ததும் தங்கச்சி சாவியைச் சுவர்மேல் வைத்துவிட்டு, “அண்ணா, டீ வேணுமா?” என்று என்னிடம் மட்டும் கேட்டுவிட்டு மாடிக்குப் போனாள். மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பாட்டு இல்லை.

வீல்காரன் வந்து சுவரில் கையை ஊன்றினான். வழியில் அவள் சொன்னதையெல்லாம் சொன்னான். இவனிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தங்கையிடம் ஒரு நாள் அழுதிருக்கிறாள். தங்கைதான் தன் புருஷனிடம் சொல்லி ஏற்பாடு செய்தது. வீட்டுக் காரைத் தங்கை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதுவும் கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி, அதில் பழகி வேனை ஓட்ட முடியாது. மிச்சம் இருந்தது இந்தச் சிவப்பு வண்டிதான். கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில், மேட்டிலும் பள்ளத்திலும், கண்ணாடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருக்கிறார். நன்றாக வரும்வரை வீல்காரனிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஒரு நாள் தானே வேனை எடுத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தாளாம்.

“அவ்வளவுதானே, தீர்ந்துச்சு. போய் மன்னிப்புக் கேளு” என்றேன்.

“கேட்டுட்டேன். சரின்னா. ஆனா என் பக்கம் மூஞ்சியத் திருப்பல.”

சுவரைச் சுரண்டினான். தீரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

“முதல் தடவை வண்டி அவ கைக்கு அடங்கி, நிக்காம, குலுங்காம ஓடியிருக்கும்ல பேட்டரி? அப்ப அவ மூஞ்சி எப்படி இருந்திருக்கும்? நான் பாக்கல. அவன் பாத்திருக்கான். நான் உட்காந்திருக்க வேண்டிய இடத்துல உட்காந்து பாத்திருக்கான். வண்டிய அவனே வெச்சுக்கட்டும், எனக்கு அது வேணாம். இத எப்படித் திருப்பி வாங்குறது?”

சுவர்மேல் இருந்த சாவியை அவன் பக்கம் நகர்த்திவைத்தேன். 

அடுத்த வாரத்திலிருந்து தானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று அன்று ராத்திரி அவளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறான். வேண்டாம் என்றிருக்கிறாள். தம்பி கத்த மாட்டார், நீங்கள் கத்துவீர்கள் என்றாளாம். அவனால் மறுக்க முடியவில்லை. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, வெகு நேரம் கழித்து, பேசாமல் உட்காருவதென்றால் வரலாம் என்றாளாம்.

மறுநாள் மதியம் அந்த எட்டு மில்லி ஸ்பேசரைக் கழற்றினான். மூன்று மில்லி போட்டான். போல்ட்டையும் குட்டையாக மாற்றினான். மட்கார்டு உதட்டை உள்பக்கமாக மடித்து, தேய்ந்த இடத்துக்குப் பெயின்ட் அடித்தான். தோள் தேய்ந்த டயரையும் தன் கணக்கில் மாற்றினான். பழைய முறைப்படி அளக்க வேண்டும் என்றதும் நான் மண்மூட்டையைத் தூக்கப் போனேன். வேண்டாம் என்றான். மாடிக்குப் போய் அவளைக் கூட்டிவந்தான். இந்தத் தடவை கீழே நின்று கூப்பிடவில்லை, படியேறிப் போனான். அவளை ஓட்டும் சீட்டில், தலையணைமேல் உட்காரச் சொன்னான். தான் சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். தகடு என் கையில்.

நான் குனிந்து அளந்துகொண்டிருக்கும்போது கண்ணாடிக்காரர் வண்டியை எடுக்க வந்துவிட்டார். தன் வண்டிக்குள் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். விஷயம் வெளியே வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. காது மடல் மறுபடியும் சிவந்தது. அப்புறம் பெரிதாகச் சிரித்தார்.

“என்ன அண்ணே, என் வண்டியில எனக்கு இடமில்லையா?”

வீல்காரன் சிரிக்கவில்லை. முகத்தை அவர் பக்கம் திருப்பவும் இல்லை.

“பக்கத்து சீட்டுக்கு என் எடைய வெச்சுதான் அளந்திருக்கேன் சகலை. இனிமே புதன்கிழமை நீங்க உங்க கடையிலயே இருக்கலாம்.”

புதன்கிழமை கடை விடுமுறையாச்சே என்று அவர் ஆரம்பித்தார். தங்கச்சி ஸ்டியரிங்குக்கு மேலே பார்த்தபடியே, “தம்பி, அடுத்த வாரம் மட்டும் சாவிய இவர்கிட்ட குடுத்துடுங்க” என்றாள். அடுத்த வாரம் மட்டும் என்பதை அவள் அழுத்திச் சொன்னதை வீல்காரனும் கேட்டான். ஒரு வாரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தகடு தாராளமாகப் போய் வந்தது. அளந்தாயிற்று, இறங்கு என்றேன்.

அவன் இறங்கவில்லை. அவள் கியரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.